85 வாட்டில் கொதிக்காத தண்ணீர்: ஜப்பானில் 12 நாள் சாப்பாட்டுச் செலவு

கியோட்டோவில் அது எங்களுக்கு முதல் ராத்திரி, பயணத்தின் ஆறாம் நாள். மணி 8:40. அறை மேசையில் இருந்த சூப் ஜாடியின், அதாவது சூடு காக்கிற அகல வாய் ஃபிளாஸ்கின், மூடியைத் திருகினேன். ஆவி மேலே வந்தது. உள்ளே அரிசியும் மைசூர்ப் பருப்பும் குழைந்து, கரண்டியால் தூக்கினால் சொட்டாமல் விழுகிற பதத்தில் கஞ்சி. பக்கத்தில், பத்து நிமிடத்துக்கு முன் பாதி விலைக்கு வாங்கிய பொரித்த கானாங்கெளுத்தித் துண்டு, இனிப்பாக வேகவைத்த பூசணி, ஒரு டோஃபு. இரண்டு பேருக்கும் வயிறு நிறைந்தது. ரசீதைக் கூட்டினால் 1,140 யென். அதற்கு மூன்று நாள் முன்பு வரை இரவுச் சாப்பாட்டுக்கு மட்டும் 3,000 யென் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

இந்த இடத்துக்கு வர இரண்டு தோல்வியும் சில கூட்டல் பிழைகளும் ஆயின. அவற்றை வரிசையாக எழுதி வைக்கிறேன். ஜப்பானுக்குக் கிளம்புகிற யாருக்காவது முதல் மூன்று நாள் மிச்சமாகும்.

பயணத் திட்டம் எளிமையானது. நானும் மனைவியும், 12 நாள். டோக்கியோவில் 5 இரவு, கியோட்டோவில் 4, ஒசாகாவில் 3. எல்லாமே சின்ன பிசினஸ் ஹோட்டல்கள். அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு கெட்டில். சாப்பாட்டுக்கு இருவருக்கும் சேர்த்து நாளொன்றுக்கு 4,000 யென் என்று வரம்பு போட்டிருந்தோம். அதைக் காப்பாற்றுவதற்கென்றே ஒரு சின்ன மின்சாரக் குக்கர் வாங்கிப் பெட்டியில் வைத்தேன். ஒரு லிட்டர் கொள்ளளவு, 450 வாட், எடை 900 கிராம். கூடவே ஊசி முனை உள்ள சமையல் தெர்மாமீட்டர் ஒன்றையும் எடுத்துக்கொண்டேன். குக்கர் வீணானது. எல்லா வேலைக்கும் கை கொடுத்தது தெர்மாமீட்டர்தான்.

அரிசி, பருப்பு எதையும் ஊரிலிருந்து எடுத்துப் போகவில்லை. காய், பழம், விதை, தானியம் எதைக் கையில் கொண்டுபோனாலும் ஏற்றுமதி செய்யும் நாட்டின் தாவர நலச் சான்றிதழ் வேண்டும் என்பது ஜப்பானின் விதி. இறைச்சிப் பண்டங்களில் இன்னும் கறார். பயணிகள் கொண்டுவரும் சாஸேஜ், உலர் இறைச்சிகூடக் கூடாது. அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தது சரியாகவே இருந்தது.

முதல் இரவு, டோக்கியோ. சூப்பர் மார்க்கெட்டில் மூன்று பொட்டலம் ஊடோன் என்கிற தடித்த கோதுமை நூடுல்ஸ் வாங்கி வந்து, குக்கரில் அரை லிட்டர் தண்ணீர் ஊற்றிச் சொருகினேன். பிளக் அடாப்டர் சரியாகப் பொருந்தியது. விளக்கும் எரிந்தது. 25 நிமிடம் கழித்துத் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தால் 62 டிகிரி. 40 நிமிடத்தில் 74. ஒரு மணி நேரத்தில் 80. அதற்கு மேல் ஏறவே இல்லை. குக்கர் பழுது என்று நினைத்து ஒயரை அசைத்தேன், வேறு சொருகுமுனைக்கு மாற்றினேன், அடாப்டரைத் துடைத்தேன்.

பழுது எதுவும் இல்லை. ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். என் குக்கரின் அடியில் 220-240 வோல்ட் என்று தெளிவாக அச்சிட்டிருந்தார்கள். போன் சார்ஜரில் 100-240 என்று இருப்பதைப் பார்த்துப் பார்த்து, எல்லாப் பொருளும் அப்படித்தான் என்று பழகிவிட்டேன். சூடேற்றும் கம்பியில் மின்னழுத்தம் பாதியானால் சூடு கால்வாசிதான் வரும். 230 வோல்ட்டில் 450 வாட் தருகிற கம்பி 100 வோல்ட்டில் 85 வாட்தான் தரும். அந்த 85 வாட்டும் பாத்திரத்தின் ஓரம் வழியாகவும் ஆவியாகவும் வெளியேறுகிற சூட்டுக்கே சரியாகப் போய்விடுகிறது. தண்ணீர் 80 டிகிரியில் நின்றதற்கு அதுதான் காரணம். அடாப்டர் பிளக்கின் வடிவத்தை மட்டும்தான் மாற்றும், மின்னழுத்தத்தைத் தொடாது. படித்தபோது எனக்கும் தெரிந்த விஷயம்தான். பெட்டி கட்டும்போது நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் மின்சாதனக் கடைகள் நிறைந்த அகிஹபாராப் பகுதியில் மின்னழுத்தத்தை ஏற்றும் டிரான்ஸ்பார்மர் பார்த்தோம். 450 வாட்டைத் தாங்குவதைக் கையில் தூக்கியதும் விஷயம் புரிந்துவிட்டது, செங்கல் கனம். விலையும் எங்கள் இரண்டு நாள் சாப்பாட்டுச் செலவைத் தாண்டியது. திரும்பி வந்து அறையில் இருந்த விதிமுறை அட்டையை மொழிபெயர்ப்புச் செயலியில் படம் பிடித்தால், சூடேற்றும் சாதனங்கள், சமையல் சாதனங்கள் அறையில் கூடாது என்று இருந்தது. அங்கே பல ஹோட்டல்களில் இதே விதி உண்டு. தீ பயம் நியாயமானது. மின்னழுத்தம் சரியாக இருந்திருந்தாலும் அந்தக் குக்கரை நான் சொருகியிருக்கக் கூடாது. அதைப் பெட்டியின் அடியில் போட்டேன். ஊர் திரும்பும்வரை வெளியே எடுக்கவில்லை.

இந்த மூன்று நாளும் வெளியில்தான் சாப்பாடு. செலவு 6,840, 7,420, 6,950. சராசரி 7,070 யென். அதைப் பிரித்து எழுதினேன்: காலையில் காப்பிக் கடை செட் 1,500, மதியம் 1,820, இரவு 3,000, நடுவில் குடிக்க வாங்கியவை 750. பிரித்தபோதுதான் எது ஓட்டை என்று கண்ணுக்குத் தெரிந்தது. மதியம் மலிவு, காலையும் இரவும் அதிகம். பானங்களுக்கு 750 என்பதைப் பார்த்து இரண்டு பேருமே ஒன்றும் பேசவில்லை.

பானச் செலவுப் பிரச்சினை அன்றே தீர்ந்தது. ஜப்பானில் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். உணவகங்களில் தண்ணீரோ தேநீரோ கேட்காமலேயே இலவசமாக வைக்கிறார்கள். தெருவுக்குத் தெரு நிற்கிற தானியங்கி இயந்திரங்கள்தான் கையை நீட்ட வைக்கின்றன. காலையில் இரண்டு பாட்டிலை அறையில் நிரப்பிக்கொண்டால் போதும். அதன் பிறகு பானச் செலவு சராசரி 150 யென், அதுவும் சூடான தேநீர் ஆசைக்கு.

மூன்றாம் நாள் மாலை மனைவி ஒரு யோசனை சொன்னாள். "ஏங்க, கெட்டில் ஹோட்டல்காரங்களே வெச்சிருக்காங்கல்ல. கொதிக்கிற தண்ணிய ஃபிளாஸ்க்ல ஊத்தி அரிசியப் போட்டா வேகாதா?" வேகும். ஜப்பானியர்கள் மதியச் சாப்பாட்டுக்குக் கொண்டுபோகிற அகல வாய் சூப் ஜாடி அதற்கென்றே செய்த மாதிரி இருக்கிறது. இரட்டைச் சுவர், நடுவில் வெற்றிடம், கரண்டி போகிற வாய். வீட்டுச் சாமான் பகுதியில் 500 மில்லி ஜாடி 3,280 யென்னுக்கு வாங்கினோம். 300 மில்லி இன்னும் மலிவு, ஆனால் இரண்டு பேருக்குக் காணாது. கூடவே நூறு யென் கடையில் ஒரு பாட்டில் தூரிகையும் ஒரு கட்டு சிங்க் வடிகட்டி வலையும் வாங்கினேன். வரியோடு தலா 110. அந்த வலை முக்கியம். அறைக் கழுவுதொட்டியில் சல்லடை இருக்காது. அரிசி கழுவின தண்ணீரை அப்படியே ஊற்றினால் குழாய் அடைக்கும். வலையை ஒரு கப்பின் வாயில் மாட்டி வடித்தேன். மிச்சப் பருக்கைகள் குப்பைக்குப் போயின.

அன்று இரவே அவசரப்பட்டேன். ராத்திரி 10 மணிக்கு 80 கிராம் அரிசி, 300 மில்லி கொதிநீர் போட்டு மூடி வைத்துவிட்டு, காலையில் சுடச்சுடக் கஞ்சி என்ற நம்பிக்கையில் படுத்தோம். காலை 7:30க்குத் திறந்தால் அடியில் மாவு, மேலே நடுவில் கடுக்கென்ற பருக்கை. தெர்மாமீட்டர் 51 டிகிரி காட்டியது.

மனைவி ஒரு வாய் எடுக்கப் போனாள், வேண்டாம் என்று தடுத்தேன். சூடான உணவு 60 டிகிரிக்கு மேலேயே இருக்க வேண்டும். அதற்குக் கீழே மணிக்கணக்கில் கிடந்த சோற்றை நம்பக் கூடாது. அரிசியில் இருக்கிற ஒரு வகைக் கிருமியின் வித்துகள் கொதிநீரிலும் சாகாமல் தப்பும். வெதுவெதுப்பில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. வெளிநாட்டில் வயிறு கெட்டால் மிச்சம் பிடித்த காசைப் போலப் பல மடங்கு போய்விடும். மொத்தத்தையும் கொட்டினோம். 80 கிராம் அரிசி நஷ்டம், அவ்வளவுதான்.

நாலாம் நாள் அதே கஞ்சியை மாலைக்கு மாற்றினேன். எங்கே தப்பு என்று யோசித்ததில் மூன்று விஷயம் கிடைத்தது. ஜாடி குளிர்ந்திருந்தது, அரிசி குளிர்ந்திருந்தது, மேலே கால்வாசிக்கு மேல் வெற்று இடம் இருந்தது. மூன்றும் கொதிநீரின் சூட்டைத் தின்றிருக்கின்றன. திருத்திய முறை இது. பிறகு கடைசி நாள் வரை மாற்றவே இல்லை.

அரிசி 60 கிராம். கழுவத் தேவையில்லாத அரிசி என்று அங்கே தனியாக ஒரு வகை விற்கிறார்கள், பெயர் முசென்மாய். ஹோட்டல் அறைக்கு அதைவிடத் தோதானது கிடையாது. அதை அரை மணி நேரம் சாதாரணத் தண்ணீரில் ஊற வைத்தேன். அந்த நேரத்தில் கெட்டிலைக் கொதிக்க வைத்து, ஜாடி நிறையக் கொதிநீர் ஊற்றி மூடி 5 நிமிடம் வைத்தேன். அதைக் கொட்டிவிட்டு, வடித்த அரிசியை ஜாடியில் போட்டு, மறுபடி கொதிநீர் ஊற்றி மூடி 3 நிமிடம். இந்தத் தண்ணீரையும் வலையில் வடித்தேன். இப்போது ஜாடியும் சூடு, அரிசியும் சூடு. மூன்றாம் தடவை கெட்டில் கொதித்து நின்ற அதே நொடியில், உள்ளே இருக்கிற அளவுக்கோடு வரை ஊற்றி இறுக்கி மூடினேன். ஏறக்குறைய 400 மில்லி பிடித்தது. மூடும்போது 93 டிகிரி. தலைகீழாக ஒரு தடவை மெல்லச் சாய்த்து நிமிர்த்தி வைத்தேன், அரிசி அடியில் கட்டி பிடிக்காமல் இருக்க.

மூன்று மணி நேரம் கழித்து 78 டிகிரி. நன்றாக வெந்திருந்தது. நடுவில் திறந்து பார்க்கக் கூடாது என்பதை அடுத்த நாள் கற்றுக்கொண்டேன். ஒரு மணி நேரத்தில் ஆவலில் திறந்து கிளறியதில் ஒரேயடியாக 4 டிகிரி இறங்கியது. அன்று கஞ்சி வேக அரை மணி கூடுதலாக ஆனது. ஆறு மணி நேரத்துக்கு மேல் உள்ளே வைக்கக் கூடாது என்றும் எனக்கு நானே விதி போட்டுக்கொண்டேன்.

அதே நாலாம் நாள் பகலில் யாமனோதே ரயிலில் ஷின் ஓகுபோ போயிருந்தோம். நிலையத்துக்குப் பக்கத்துச் சந்துகளில் தெற்காசியக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. மைசூர்ப் பருப்பு, மஞ்சள், சீரகம், மிளகாய்த் தூள் எல்லாம் சின்னப் பொட்டலமாகவே கிடைத்தன. இந்த ஜாடிக்கு ஏற்ற பருப்பு மைசூர்ப் பருப்பு ஒன்றுதான் என்பது என் அபிப்பிராயம். தோல் நீக்கியது, மெல்லியது, 80 டிகிரிச் சூட்டிலேயே குழையும். துவரம் பருப்பு இதில் வேகாது. மனைவி ராஜ்மாவைக் கையில் எடுத்தாள், அதைத் திரும்ப வைக்கச் சொன்னேன். சிவப்பு ராஜ்மாவில் ஒரு இயற்கை நஞ்சு உண்டு. ஊறவைத்து, தளதளவென்று கொதிக்கிற நீரில் 10 நிமிடத்துக்குக் குறையாமல் கொதித்தால்தான் அது அழியும். ஃபிளாஸ்க் மாதிரிக் குறைந்த சூட்டில் வைத்தால் பாதி வெந்து, வயிற்றைப் புரட்டி எடுத்துவிடும். பயறு வகை எதையும் ஃபிளாஸ்கில் முயல்வதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஐந்தாம் நாள் முதல் 45 கிராம் அரிசி, 25 கிராம் பருப்பு, ஒரு சிட்டிகை மஞ்சள், கொஞ்சம் சீரகம். உப்பை மட்டும் சாப்பிடும்போது போட்டோம். முதலில் போட்ட நாளில் பருப்பு சற்று நறுக்கென்று நின்றது. உப்புதான் காரணமா என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன், ஆனால் பின்னால் போடுவதில் கஷ்டம் ஒன்றும் இல்லை.

கஞ்சி சரியாகிவிட்டது. அப்புறம் தொட்டுக்கொள்ள?

சூப்பர் மார்க்கெட்டுகளில் அன்றன்று சமைத்த உணவை மூடும் நேரம் நெருங்க நெருங்க விலை குறைத்து ஒட்டுவார்கள் என்பது தெரியும். நாலாம் நாள் ஏழு மணிக்கே போய் நின்றோம். ஒன்றிலும் ஸ்டிக்கர் இல்லை. வெளியே சுற்றிவிட்டு ஒன்பது மணிக்குப் போனால், சோறும் கறியும் சேர்ந்த பெந்தோ பெட்டிகள் துடைத்து எடுத்தது போலக் காலி. மீதம் இருந்தவை பக்கவாட்டு உணவுகள் மட்டும். சோஸாய் என்கிறார்கள். பொரியல், அவியல், மீன், சாலட் எல்லாம் அதில் வரும். அன்று ஏமாற்றமாக இருந்தது. ஐந்தாம் நாள் கஞ்சியோடு சாப்பிட்டபோதுதான் உறைத்தது. சோறு எங்களிடம் ஏற்கனவே இருக்கிறது. எல்லோரும் போட்டி போடுகிற பெந்தோ எங்களுக்குத் தேவையே இல்லை. யாரும் அடித்துப் பிடிக்காத சோஸாய்தான் எங்களுக்கு வேண்டியது.

ஒரே கடையை அரை மணிக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்து நேரம் குறித்தேன். எங்கள் டோக்கியோக் கடையில் 7:20க்கு இருபது சதவீதம், 8 மணிக்கு முப்பது, 8:30க்குப் பாதி. கியோட்டோவில் எல்லாமே இருபது நிமிடம் முந்தி. கடைக்குக் கடை மூடும் நேரம் வேறு, அதனால் ஸ்டிக்கர் நேரமும் வேறு. புது ஊருக்குப் போனதும் கடை வாசலில் மூடும் நேரத்தைப் படம் பிடித்துக்கொள்வதுதான் முதல் வேலை ஆனது.

ஸ்டிக்கரில் இருபது, முப்பது என்பவை எண்ணிலேயே இருக்கும். பாதி விலை மட்டும் எழுத்தில், இரண்டு எழுத்து. முதல் எழுத்தை இப்படி நினைவு வைத்துக்கொண்டேன்: நடுவில் ஒரு நெடுங்கோடு, அதைக் குறுக்கே வெட்டும் இரண்டு படுக்கைக் கோடுகள், உச்சியில் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு சின்னச் சாய்கோடு. பெரும்பாலும் மஞ்சளும் சிவப்புமாகக் கண்ணில் அடிக்கும்.

ஒரு மரியாதையும் இதில் இருக்கிறது. ஸ்டிக்கர் ஒட்டுகிற ஊழியரின் பின்னாலேயே நடப்பது, ஒட்டாததை நீட்டி ஒட்டச் சொல்வது, முன்கூட்டியே கூடையில் போட்டு வைத்துக்கொண்டு காத்திருப்பது இதெல்லாம் செய்யக் கூடாது. அங்கே வயதானவர்கள் பலர் அந்த நேரத்துக்காகவே அமைதியாக வருகிறார்கள். அவர் ஒட்டி நகர்ந்த பிறகு, வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினோம். மூன்று பொருளுக்கு மேல் எடுத்ததில்லை. அறையில் குளிர்பெட்டி சின்னது. பாதி விலை உணவை நாளைக்கு என்று வைப்பது அர்த்தமில்லாத வேலை.

கியோட்டோவில் ஒரு நாள் ரயில் நிலையத்தை ஒட்டிய பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோரின் நிலத்தடி உணவுத் தளத்துக்கும் போனோம். மூடுவதற்கு ஒரு மணி முன்பு அங்கேயும் விலை இறங்குகிறது. பார்க்க அவ்வளவு அழகு, ருசியும் ஒரு படி மேல். ஆனால் குறைத்த விலையே சூப்பர் மார்க்கெட்டின் முழு விலையை விட அதிகம். ஒரு ராத்திரி ஆசைக்குச் சரி, தினப்படிக்கு ஆகாது.

கூட்டலில் செய்த பிழையையும் சொல்லிவிடுகிறேன். விலைச் சீட்டில் இரண்டு எண்கள் இருக்கும். பெரிய எழுத்தில் வரி சேராத விலை, கீழே சின்னதாக வரி சேர்த்தது. முதல் இரண்டு நாள் பெரிய எண்ணையே கூட்டிக்கொண்டு, கல்லாவில் எப்போதும் சில பத்து யென் அதிகம் வருகிறதே என்று குழம்பினேன். உணவுக்கு வரி 8 சதவீதம். உட்கார்ந்து சாப்பிட்டால் 10. 2019 அக்டோபரிலிருந்து இப்படி. பொட்டலமாக எடுத்துப் போகிறோமா, அங்கேயே சாப்பிடுகிறோமா என்று கேட்பது இதற்காகத்தான். பிளாஸ்டிக் பைக்கும் 2020 ஜூலையிலிருந்து காசு. துணிப்பை ஒன்று எப்போதும் தோளில் இருந்தது.

மாலையின் வரிசை இப்படி அமைந்தது. 5:30க்கு அறைக்குத் திரும்பி ஜாடியை ஏற்பாடு செய்வோம், அரிசி ஊறுகிற நேரத்தில் குளியல். 6:15க்கு மூடி, ஒரு நடை. கியோட்டோவில் காமோ ஆற்றங்கரை. எட்டு மணி வாக்கில் கடை, 8:30க்கு அறை. கஞ்சி வேகிற நேரமும் ஸ்டிக்கர் விழுகிற நேரமும் ஒன்றோடொன்று இப்படிப் பொருந்தும் என்று நான் திட்டமிடவில்லை. ராத்திரி வைத்த கஞ்சி கெட்டுப்போனதால்தான் மாலைக்கு வந்தோம், மாலைக்கு வந்ததால்தான் சோஸாயின் அருமை தெரிந்தது. அந்த நடைகள்தான் இந்தப் பயணத்தில் எனக்கு மிகப் பிடித்த நேரம்.

காலைக்கும் அதே ஜாடிதான், ஆனால் சீக்கிரம் வேகிறவை மட்டும். ஓட்ஸ் 50 கிராம், சூடாக்கிய ஜாடியில் 10 நிமிடம். மூன்று நிமிடத்தில் வேகும் என்று போட்டிருக்கும் மெல்லிய மக்ரோனி 60 கிராம், கொதிநீரில் 10 நிமிடம், மேலே கொஞ்சம் சோயா சாஸும் மிளகும். சாதாரண மக்ரோனியை முயன்றேன், வழவழவென்று ஆகி நடுவில் வேகாமல் நின்றது. முட்டையும் வைத்துப் பார்த்தோம். குளிர்பெட்டியிலிருந்து எடுத்து அரை மணி வெளியே வைத்த இரண்டு முட்டை, ஜாடி நிறையக் கொதிநீர், 20 நிமிடம். மஞ்சள் கரு களிபோல இறுகி, வெள்ளை இளக்கமாக வந்தது. அங்கே முட்டையின் தேதியே பச்சையாகச் சாப்பிடுவதைக் கணக்கில் வைத்துப் போடுவது, ஆகவே அரைவேக்காட்டுக்குப் பயப்படவில்லை. ஹோட்டல் கெட்டிலுக்குள் தண்ணீரைத் தவிர எதையும் போடவில்லை. அடுத்து வருகிறவர் அதில் தேநீர் போடுவார்.

மதியம் மட்டும் வெளியில், வயிறு நிறைய. இங்கே செலவைக் குறைக்க முயலவே இல்லை. 1,820இலிருந்து 2,130 ஆகக் கூடவே செய்தது. இரவில் இரட்டிப்பு விலை சொல்கிற உணவகங்கள்கூட மதியம் செட் சாப்பாடு போடுகின்றன. சோறு, மிசோ சூப், ஊறுகாய், ஒரு முக்கியப் பதார்த்தம். 11:30க்கே போய்விட்டால் வரிசையும் இல்லை. டோக்கியோப் பல்கலைக்கழகத்தின் ஹோங்கோ வளாகத்தில், யசுதா அரங்கத்துக்கு முன்னால் நிலத்தடியில் இருக்கிற மத்திய உணவகத்தில் வெளியாட்களும் சாப்பிடலாம். மாணவர்கள் மொய்க்கிற 12 முதல் 1 வரை தவிர்த்துப் போனோம். பயணத்தின் மலிவான மதியம் அதுதான். ஜப்பானில் டிப்ஸ் கிடையாது, ஆகவே மதிய விலை என்பது சீட்டில் பார்த்த விலையேதான். இரவுக் குடிக்கடைகளில் மட்டும், உட்கார்ந்ததும் கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணம் வைத்து அதற்குத் தலைக்கு ஒரு தொகை போடுவார்கள். முதல் நாள் அது தெரியாமல் இரண்டு கிண்ணத்துக்கு 700 கொடுத்தோம். அது அங்கத்திய வழக்கம், ஏமாற்று இல்லை.

ஒசாகாவில் ஒரு ராத்திரி எல்லாவற்றையும் ஓரம் கட்டிவிட்டு, சூடான இரும்புத் தகட்டுக்கு முன்னால் உட்கார்ந்து ஒகோனோமியாகி சாப்பிட்டோம், முட்டைக்கோஸ் கலந்த மாவைத் தகட்டில் தடித்த அடை மாதிரிச் சுடுவது. இருவருக்கும் 3,900. எங்கள் கணக்கில் அதுவும் சேர்ந்திருக்கிறது. அந்தச் சாப்பாட்டுக்கு இடம் வைப்பதற்காகத்தான் மற்ற நாட்களில் இவ்வளவு பாடும்.

கடைசிக் கணக்கு. முதல் மூன்று நாள் 21,210. அடுத்த ஒன்பது நாள் 34,740, அதாவது நாளுக்கு 3,860. பிரித்தால் காலை 380, மதியம் 2,130, இரவு 1,200, பானம் 150. நாளுக்கு 3,210 யென் மிச்சம். அதில் இரவு கொடுத்தது 1,800, காலை 1,120, பானம் 600. மதியம் 310 திரும்ப எடுத்துக்கொண்டது. ஜாடியின் 3,280 யென்னைக் காலை உணவு மட்டுமே மூன்றே நாளில் ஈடு கட்டிவிட்டது. ஒன்பது நாள் மிச்சம் 28,890. ஜாடி விலை போக 25,610. தூரிகையும் வலையும் சேர்த்து 220, அதையும் கழித்துக்கொள்ளலாம்.

அடுத்த தடவை மாற்றப் போவது சில. குக்கர் கிடையாது, அந்த 900 கிராம் எடையில் 400 மில்லி ஜாடி இரண்டு வரும். ஒன்றில் கஞ்சி, ஒன்றில் காய் போட்ட சூப் என்று பிரிக்கலாம், ஆளுக்கொன்றாகக் கையில் வைத்தும் சாப்பிடலாம். ஒரே ஜாடியில் மாற்றி மாற்றிக் கரண்டி விட்டது கடைசி நாட்களில் அலுத்துப் போனது. ஹோட்டல் பதிவு செய்யும்போது பானம் விற்கிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் பொது மைக்ரோவேவ் இருக்கிறதா என்று பார்ப்பேன். ஒசாகா ஹோட்டலில் இருந்தது. இரண்டு நிமிடத்தில் சூடாகும் பொட்டலச் சோறும் குளிர்ந்த சோஸாயும் அங்கே உடனே தயார். ஜாடி மூடியின் ரப்பர் வளையத்தைத் தினமும் கழற்றிக் கழுவுவேன். நான் மூன்று நாள் விட்டதில் சீரக வாசனை ஏறி, காலை ஓட்ஸில் அடித்தது. குளோரின் கலந்த வெளுப்பான் துருப்பிடிக்காத எஃகுக்கு ஆகாது என்பதால், சமையல் சோடா கரைத்த வெந்நீரில் வளையத்தை ஒரு மணி நேரம் ஊற வைத்தேன். முக்கால்வாசி போயிற்று, மீதி இன்னும் இருக்கிறது.

கடைசி ராத்திரி ஒசாகாவில் மீந்தது 30 கிராம் அரிசியும் ஒரு பிடி பருப்பும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுச் சற்று நீர்க்க வைத்தேன். மனைவி குடித்துவிட்டுச் சொன்னாள், "இதுக்குப் பாதி வெல ஸ்டிக்கர் எதுவும் வேணாங்க, இதுவே போதும்." ஜாடியைக் கழுவித் துடைத்து, மூடியைத் திறந்தபடியே பெட்டியில் வைத்தேன், குக்கருக்கு மேலே.